வீங்காத மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மண்ணக்கா. முதலாளியான இன்ஜினியர் முதல் லாரியில் மண் மூட்டை கொண்டுவந்து இறக்கும் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் மண்ணக்காதான். இருபத்திரண்டு வருஷமாக அதே கூடம், அதே சல்லடைகள், அதே உலர்த்தும் அடுப்பு. சுற்றுவட்டாரத்தில் யார் எந்தக் கட்டடம் எழுப்பினாலும், அதன் அடியில் கிடக்கும் மண் முதலில் அவள் விரலிடுக்கில் நசுங்கிவிட்டுத்தான் போகும். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள் என்றால், இது தாங்கும், இது தாங்காது என்று பாதித் தீர்ப்பு அங்கேயே வந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் கருவிகள்.

அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது.

நகரத்தை விட்டு வெளியே போய், பக்கத்து வீட்டு டிவி காதில் விழாத தூரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்ட வேண்டும் என்று அவளும் புருஷனும் முடிவு செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. புருஷன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், இருவரும் வண்டியில் கிளம்பிவிடுவார்கள். பின்னால் அவள், மடியில் துணிப்பை, பைக்குள் ஒரு கொத்துக் கரண்டி, இரண்டு டப்பா, கோடு போடாத ஒரு நோட்டு. நாற்பத்தோரு இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் களிமண். ஒன்றில் உப்பு. ஒன்றில் மண் நன்றாக இருந்தது, மழைத்தண்ணீர் வடியத்தான் வழி இல்லை. இன்னொன்றில் எல்லாமே நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எங்கேயோ இடிக்கிறதே என்று நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

“நீ எடம் பாக்கப் போகல, எடத்துக்குப் பரீட்ச வைக்கப் போற” என்பார் புருஷன். கோபமாகச் சொல்ல மாட்டார். அவருக்கு வண்டி ஓட்டுவது பிடிக்கும். வாரம் முழுக்க அறுபது பிள்ளைகளின் கூச்சலோடு ஓட்டுகிறவருக்கு, காதோரம் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டுவது ஓய்வு மாதிரி.

நிலம்தான் கிடைக்கவில்லையே தவிர, நோட்டில் வீடு வளர்ந்துகொண்டே போனது. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி அவள் இடுப்புயரத்துக்கு, கொத்தனார் வைக்கிற உயரத்துக்கு இல்லை. புருஷனுக்கு முழங்கால் வலி என்பதால் வீட்டுக்குள் ஒரு படி கூடக் கூடாது. ஒன்பது வருஷத்தில் பதினேழு முறை அழித்து அழித்து வரைந்திருந்தாள். கடைசிப் படத்தில் செருப்பு விடும் இடம் வரைக்கும் அளவு போட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தங்கை சின்னவள் வந்தாள். கடைத்தெருவில் பெண்களுக்கு முடிவெட்டும் பார்லர் வைத்திருப்பவள் அவள். அவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரே வாடகை வீட்டில், கூரை ஒழுகினால் வாளி வைத்துக்கொண்டு சிரித்தபடி இருப்பவர்கள். சொந்த வீடு என்ற பேச்சே அவர்கள் வாயில் வந்ததில்லை.

“அக்கா, கண்ண மூடிட்டு கைய நீட்டு” என்றாள்.

மண்ணக்கா நீட்டினாள். கையில் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. டப்பா நிறைய மண்.

“எங்க மண்ணு! இடம் பாத்தாச்சுக்கா. அட்வான்ஸும் குடுத்தாச்சு. பத்திரம் மட்டுந்தான் பாக்கி.”

“எந்த இடம்? எப்பப் பாத்தீங்க? எத்தன இடம் பாத்தீங்க?”

“ஒண்ணுதான். போன வாரம் இவர் ஒரு கோழிப்பண்ணைக்கு ஃபிரீசர் ரிப்பேர் பண்ணப் போனாரா, கடை லீவு, நானும் சும்மா தொத்திக்கிட்டேன். அந்தப் பண்ணைக்காரம்மா குடிக்கத் தண்ணி குடுத்தாங்க. பக்கத்துல ஒரு மேடு சும்மா கெடக்கு, நல்லவங்க யாராச்சும் வந்தா குடுத்துரலாம்னு பாக்குறேன்னாங்க. நாங்க நல்லவங்கதாம்மான்னு இவர் சொன்னாரு. அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்று சின்னவள் கையை விரித்துச் சிரித்தாள்.

மண்ணக்காவும் சிரித்தாள். உதடு மட்டும்தான் அகன்றது. அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். டிக்கெட் எடுக்க இவள் அரை மணி நேரம் வரிசையில் நிற்பாள். சின்னவள் கடைசி ஆளாக வந்து நிற்கும்போது பக்கத்தில் இன்னொரு கவுன்டரைத் திறப்பார்கள். பள்ளிக்கூடத்தில் இவள் கண் எரியப் படித்து எழுபது வாங்குவாள். அவள் பேருந்தில் போகும்போது பார்த்த நான்கு பக்கம் அப்படியே கேள்வியாக வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாயிற்று. ஆனால் நிலம்? நிலம் அவளுடைய விஷயம். அந்த ஆசையே அவளுடையது. சின்னவளுக்கு அதில் என்ன வேலை?

“மண்ணு எப்பிடின்னு பாத்துச் சொல்லுக்கா. நீ சரின்னு சொன்னாத்தான் பத்திரம். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா சொல்றதுக்கு?”

அந்த வார்த்தை இன்னும் கொஞ்சம் எரித்தது.

திங்கட்கிழமை கூடத்துக்குப் போனதும் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த டப்பாவைத் திறந்தாள். அடுப்பில் உலர்த்தி, நுண்சல்லடையில் சலித்து, பத்துப் பத்து கிராமாக இரண்டு பங்கு நிறுத்தாள். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டு, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தண்ணீர் ஊற்றி, குமிழி போகக் கலக்கி ஜன்னலோரம் வைத்தாள். மண்ணெண்ணெயில் எந்த மண்ணும் வீங்காது. கெட்ட மண்ணாக இருந்தால் மறுநாள் தண்ணீர்க் குழாயில் மட்டும் உப்பி மேலே ஏறி நிற்கும். அந்த மாதிரி மண்ணில் வீடு கட்டினால் மழைக்கு வீங்கி, வெயிலுக்குச் சுருங்கி, ஐந்து வருஷத்தில் சுவரில் கை நுழையும் அளவுக்குப் பிளந்துவிடும்.

உண்மையில் சோதனை தேவையே இல்லை. டப்பாவில் விரலை விட்டபோதே தெரிந்துவிட்டது. சிவப்பு, கரகரவென்று பொடிக்கல் கலந்தது, ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கையில் ஒட்டாது. ஆனாலும் அவள் வைத்தாள். மண் கெட்டதாக வந்து தன்னைக் காப்பாற்றிவிடாதா என்ற நப்பாசை.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு குழாயையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அரைக்கோடு வித்தியாசம் கூட இல்லை. ஒன்பது வருஷமாக, நாற்பத்தோரு இடத்தில், வெயிலில் குனிந்து குனிந்து அவள் தேடிய மண் அதுதான். ஐஸ்கிரீம் டப்பாவில் வந்திருந்தது.

குழாய்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. சின்னவள் போன் செய்தபோது, “அதுக்கெல்லாம் ஒரு வாரம் ஆகும்டி, அவசரப்பட்டா வேலைக்காவாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, சின்னவள் கடையைப் பூட்டிவிட்டு வர, நான்கு பேரும் அந்த இடத்துக்குப் போனார்கள். நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். தார் ரோட்டை விட்டு இறங்கி, பண்ணையைத் தாண்டி ஒரு வண்டிப்பாதை. பாதை முடிவில் மேடு. மண்ணக்கா குறை கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் இறங்கினாள். தண்ணீர் தேங்குமா என்று பார்த்தாள். சரிவு அழகாகக் கீழே ஓடைக்கு வடிந்தது. கரண்ட் வருமா என்று பார்த்தாள். பண்ணைக்கு வந்த கம்பம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கிணறு உண்டா என்றாள். பண்ணையோடு பொதுக்கிணறு, கோடையிலும் வற்றாதது என்றான் தங்கை புருஷன். காற்று வேறு, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி, அப்போது பார்த்து வீசியது.

“நல்ல எடம்ப்பா” என்றார் மண்ணக்காவின் புருஷன் மனசு விட்டு. “இந்த மாதிரி ஒண்ணுக்குத்தான நாங்க நாயா அலையுறோம்.”

அவர் சொன்னதில் ஒரு பொட்டுப் பொறாமை கூட இல்லை. அதுவே அவளுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்து மேட்டு உச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோணல்மாணலாக ஒரு சதுரம் போட்டிருந்தது.

“எனக்கு வீடெல்லாம் வரையத் தெரியலக்கா. எல்லா ரூமும் தீப்பெட்டி மாதிரி வருது. ஒண்ணு கேப்பேன், திட்டக் கூடாது.”

“என்ன?”

“உன் நோட்டக் குடேன். அதுல இருக்குல்ல, அந்தக் கடைசிப் படம். கிழக்குப் பாத்த சமையக்கட்டு. அத அப்பிடியே கட்டிரலாம்னு இவர் சொல்றாரு. நீதான் எடம் கெடைக்கலன்னு சும்மாவே வச்சிருக்க. உனக்கு இப்போதைக்குத் தேவப்படாதுல்ல?”

சின்னவள் மனதில் கள்ளம் இல்லை. பக்கத்து வீட்டில் குடை இரவல் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். ஆனால் மண்ணக்காவுக்குக் காது அடைத்துவிட்டது. நிலம் போயிற்று. இப்போது சமையலறை, ஜன்னல், அவள் இடுப்பளவுக்கு வைத்த தொட்டி, அவள் புருஷனின் முழங்காலுக்காக எடுத்துவிட்ட படி, எல்லாவற்றிலும் இவள் போய் உட்காரப் போகிறாள்.

“வீடு எங்க கட்டப் போற?” என்றாள். தன் குரல் தனக்கே சாதுவாகக் கேட்டது. “மண்ணு சரியில்ல சின்னவளே.”

“என்னக்கா சொல்ற?”

“வீங்குற மண்ணு. தண்ணில போட்டுப் பாத்தேன், ஒண்ணுக்கு ரெண்டா உப்பி நிக்குது. இதுல கட்டுனா செவுரு நிக்காது. வாயால சொல்றதுக்கே எனக்குக் கஷ்டமா இருக்கு. அட்வான்ஸ திருப்பி வாங்கப் பாருங்க.”

ஒரு காண்டிராக்டர் முன்பு ஒருமுறை ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொல்லி அவள் மேஜையில் தங்க வளையல் பெட்டியை வைத்தான். பெட்டியோடு அவனை வாசல் வரை கொண்டுபோய் விட்டவள் அவள். இருபத்திரண்டு வருஷத்தில் மண்ணைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் இதுதான். அவ்வளவு சுலபமாக வந்தது.

சின்னவளின் முகம் அணைந்துபோனது. அவள் புருஷன் காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்தான். திரும்பி வரும் வழியெல்லாம் மண்ணக்காவுக்குள் இனம் தெரியாத ஒரு நிம்மதி. வீட்டுக்கு வந்து படுத்தபோது அந்த நிம்மதி புளித்துவிட்டது. ஆனாலும் பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. இன்னொன்றுதான் தோன்றியது. அவர்கள் விட்டுவிட்டால் அந்த இடம் சும்மாதானே கிடக்கும்?

வியாழக்கிழமை லீவு போட்டாள். புருஷனிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, மத்தியானம் அந்தப் பண்ணை வாசலில் போய் நின்றாள். பண்ணைக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு தீவன மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பை நிமிர்த்தி, “யாரு வேணும்?” என்றாள்.

“அந்த மேடு விலைக்கு வருதுன்னு சொன்னாங்க. பாக்கலாமான்னு...”

“அது பேசி முடிச்சாச்சேம்மா.”

“அவங்க வேணாம்னு விட்டுட்டதா கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னா? விடலையே” என்ற பண்ணைக்காரம்மா மூட்டை மேலேயே உட்கார்ந்தாள். “பாவம், நல்ல புள்ளைங்க. அந்தப் பொண்ணோட அக்கா மண்ணு டெஸ்ட் பண்ற எடத்துல பெரிய வேலையாம். மண்ணு வீங்குதுன்னு சொல்லிட்டாளாம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இந்தா நிக்குது பாரு என் வீடு, முப்பத்தாறு வருஷமாச்சு. அதே மண்ணுதான். ஒரு விரிசல் காட்டு பாப்போம். நான் சொன்னேன், உங்கக்காவுக்கு டெஸ்ட் பண்ணத் தெரியலம்மான்னு. அதுக்கு அந்தப் பொண்ணுக்கு வந்துச்சே கோவம்! எங்கக்கா சொன்னா மாத்தமே கிடையாது, அவ கையில மண்ணு பேசும்னு என்கிட்டயே மல்லுக்கு நின்னுச்சு.”

மண்ணக்கா பண்ணையின் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம் என்ன பண்றாங்க?”

“மண்ணு கெட்டதுன்னா ஆழமாத் தோண்டிக் கட்டுனா நிக்கும்லன்னு அவ புருஷன் கெளம்பிட்டான். எந்த ஆழத்துல கெட்டி மண்ணு வருதுன்னு முதல்ல பாக்கணுமாம். மூணு நாளா வேல நடுவுல வந்து வந்து ஒத்த ஆளா தோண்டுறான். நானும் தோண்டிக்கோன்னு விட்டுட்டேன். ஏம்மா, உனக்கு என்ன வேல?”

“தையல்” என்றாள் மண்ணக்கா.

அந்த நேரத்தில் மேட்டுப் பக்கமிருந்து குரல் கேட்டது. “அண்ணி! நீங்களா?”

அவன் நெஞ்சளவு குழிக்குள் நின்றிருந்தான். தலையெல்லாம் சிவப்புப் பொடி. அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழியிலிருந்து இரண்டு கையை ஊன்றி எழும்பி வந்தான். முகமெல்லாம் பல்.

“எங்களுக்காக லீவு போட்டுட்டு வந்துட்டீங்களா? சின்னவகிட்ட நான் சொன்னேன், அண்ணிக்கு மனசு கேக்காது, இன்னொரு தடவ மண்ணெடுத்துப் பாப்பாங்கன்னு. வாங்க அண்ணி, வந்து குழிய ஒரு எட்டு பாருங்க. அஞ்சடி வந்துட்டேன். இன்னும் எவ்ளோ போகணும்?”

அவள் போனாள். வேறு எங்கே போவது? குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். மண்வெட்டி செதுக்கிய சுவர், மேலிருந்து அடி வரை ஒரே சிவப்பாக, கல் பதித்து, வெடிப்பில்லாமல் நின்றது. குறுக்கே வெட்டிய ஒரு கனி மாதிரி அவ்வளவு சுத்தமாக. பக்கத்தில் அவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது.

“இனிமே தோண்டாதீங்க தம்பி.”

“ஏன், தண்ணி வந்துருமா?”

“மண்ணுல ஒரு குத்தமும் இல்ல. மூணடி போதும். நான் பொய் சொன்னேன்.”

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தபடியே நின்றான். அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை சிரிப்பு மெதுவாக இறங்கியது. பின்னாலேயே வந்து நின்ற பண்ணைக்காரம்மா, “ஓ, நீதான் அந்த அக்காவா? தையல்காரி!” என்றாள்.

அவன் கீழே உட்கார்ந்து கையில் சுற்றிய துணியைப் பிரித்தான், திரும்பச் சுற்றினான். பிறகு, “சின்னவகிட்ட நீங்களே சொல்லிருங்க அண்ணி” என்றான். “நான் சொன்னா அவ நம்ப மாட்டா. என்னைத்தான் அடிப்பா.”

கிளம்பும்போது பண்ணைக்காரம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். அந்த அம்மா முந்திக்கொண்டாள். “ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கு இன்னொரு துண்டு இருக்கு. அதையும் விக்கத்தான் போறேன். யாருக்கு வேணா விப்பேன், உனக்கு விக்க மாட்டேன். கேட்டு வந்துறாத.”

மறுநாள் கூடம் விட்டதும் நேரே பார்லருக்குப் போனாள். கடைசி வாடிக்கைக்காரி போய்க்கொண்டிருந்தாள். சின்னவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, “வாக்கா, உக்காரு. எத்தன நாளாச்சு உன் தலைய நான் தொட்டு” என்று நாற்காலியைத் திருப்பினாள். வேண்டாம் என்பதற்குள் கழுத்தைச் சுற்றித் துண்டு, துண்டின் மேல் கறுப்பு ரெயின்கோட்டுத் துணி. தலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. கத்தரி சலசலத்தது. இடது பக்கம் நாலு விரல்கடை அளவு முடி மடியில் வந்து விழுந்தது.

முகத்துக்கு நேரே கண்ணாடி. அதில் தங்கையின் முகம் தன் தலைக்கு மேலே. கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். குழாயில் மண் வீங்கவில்லை என்பதைச் சொன்னாள். நோட்டைக் கேட்டபோது வந்த எரிச்சலைச் சொன்னாள். நேற்றுப் பண்ணைக்குப் போனது எதற்கு என்பதையும், இடம் காலியா என்று கேட்டதையும் சொன்னாள். அதை மட்டும் மறைத்திருக்கலாம். தங்கை புருஷன் கூட அதைக் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

கத்தரி நின்றுவிட்டது.

“நீ வாங்கலாம்னு போனியா?”

“ஆமா.”

“நான் அழுதுட்டு விட்டுட்டேன்னா, நீ வாங்கிப்ப. அப்புறம் நான் உன் வீட்டுக்கு விருந்தாளியா வரணும். வந்து, நல்லாருக்குக்கான்னு சொல்லணும்.”

மண்ணக்கா கண்ணாடியை விட்டுவிட்டு மடியில் கிடந்த முடியைப் பார்த்தாள்.

“உனக்கு என்னைக் கண்டா அவ்ளோ எரிச்சலா? எனக்குத் தெரியவே தெரியாதே” என்றாள் சின்னவள். குரல் உடையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நீயும் மாமாவும் ஞாயித்துக்கெழமையானா வண்டில கெளம்புவீங்க. தண்ணி பாட்டில், சோத்து டப்பா எல்லாம் கட்டிக்கிட்டு. எனக்கு ஞாயித்துக்கெழமைதான் கடையில கூட்டம். அவருக்கு எப்ப போன் வரும்னு அவருக்கே தெரியாது. இந்த வாசல்ல நின்னு நீங்க ரெண்டு பேரும் போறத எத்தன தடவ பாத்திருக்கேன். எனக்கும் வயிறு எரியும். எரியும்தான். அதுக்காக நான் உன் வண்டில காத்தப் புடுங்கி விட்டேனா?”

துணியை உருவினாள். துண்டை உருவினாள்.

“போக்கா. இப்ப போயிரு.”

“சின்னவளே...”

“கையில கத்தரி இருக்கு. போயிரு.”

இடது பக்கம் தோளுக்கு மேலேயும் வலது பக்கம் தோளுக்குக் கீழேயுமாக முடியோடு மண்ணக்கா கடைத்தெருவில் நடந்து வந்தாள். பழக்கடைக்காரர் பார்த்தார். மருந்துக்கடைப் பெண் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளைத் தொட்டுக் காட்டினாள். வீட்டில் புருஷன் கதவைத் திறந்து, சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வலது பக்கத்த நான் வெட்டி விடட்டா?” என்றார். “நேரா வராது. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி கோணலா இருக்கும்.” வெட்டி முடித்துக் கத்தரியைக் கழுவும்போதுதான் சொன்னார்: “அந்தத் தம்பி கையப் பாத்தியா? அத நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல.” அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அவளோடு அதிகம் பேசவில்லை.

சோதனை முடிவை முறையாகப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை வைத்து, சின்னவளுக்குத் தபாலில் அனுப்பினாள். நோட்டிலிருந்த கடைசிப் படத்தைக் கிழித்து அதே உறையில் வைத்தாள். அறிக்கையை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாள் சின்னவள். ஒரு வரி கூட எழுதவில்லை.

ஏழு மாதம் பேச்சு இல்லை. தங்கை புருஷன் மட்டும் அவ்வப்போது அவள் புருஷனோடு போனில் பேசுவான். பத்திரம் முடிந்தது, கடைக்கால் போட்டாயிற்று, அவன் தோண்டிய ஆழக்குழியை மூட மனசில்லாமல் தண்ணீர்த் தொட்டியாகக் கட்டிவிட்டார்கள், எல்லா ரூமும் தீப்பெட்டி மாதிரிதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கும் மண்ணக்காவுக்கு உள்ளே சுருக்கென்றது. தப்பு செய்தவள் தானே, தனக்கு என்ன உரிமை என்று நினைத்தாலும் சுருக்கென்பது நிற்கவில்லை. குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எட்டாவது மாதம் சின்னவளே போன் செய்தாள். “வீடு முடிஞ்சுது. வந்து பாக்குறதுன்னா பாத்துட்டுப் போ” என்றாள். போனார்கள். சின்னவள் அறை அறையாகக் காட்டினாள். மண்ணக்கா எதையும் குறை சொல்லவில்லை. நல்லாருக்கு என்று நான்கு தடவை சொன்னாள். நான்கு தடவையும் சொல்லச் சுலபமாக இல்லை, ஆனால் நான்கும் உண்மை. சின்னவள் சாப்பாடு போட்டாள். பழைய மாதிரி சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது மட்டும், “போதுமா?” என்று அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் மண்ணக்காவின் புருஷன் தன்னந்தனியாகப் போய் ஓர் இடத்தைப் பேசி முடித்துவிட்டு வந்தார். “நாப்பத்திரெண்டாவது. நான் பாத்துட்டேன், போதும்” என்றார். அவள் மறுநாள் போய்ப் பார்த்தாள். மேல்மண் ஒரு சாண், அதன் கீழே ஒரே பாறை. கடைக்கால் தோண்டுவதற்குள் உயிர் போய்விடும். எதிர்த்தாற்போல் பெரிய ஏரி. அவள் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள், தேய்த்தாள், உதறினாள். “சரி” என்றாள்.

பாறை உடைக்கிற வேலை நடக்கும்போது ஒருநாள் சின்னவளும் அவள் புருஷனும் பார்க்க வந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கல் குவியலைச் சுற்றி நடந்து, எல்லையோரம் போய் நின்றாள். தண்ணீர் வெயிலில் தகதகவென்று கிடந்தது. நீர்க்காகம் ஒன்று முங்கியது. எங்கே எழும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்பவும் தண்ணி இருக்குமா?” என்றாள் சின்னவள்.

“இருக்கும்னுதான் சொல்றாங்க.”

“வீட்டுக்குள்ள இருந்தே தெரியுமா?”

“சமையக்கட்டுலேருந்து தெரியும்.”

சின்னவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். “எங்க எடத்துல ஓடைதான். அதுவும் மழைக்கு மட்டும்” என்று தண்ணீரைப் பார்த்தே சொன்னாள்.

மண்ணக்காவுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் தலைகாட்டியது. அதைக் கண்டு வெட்கமாகவும் இருந்தது. பக்கத்தில் கிடந்த கல்லின் மேல் தூசியைத் தட்டிவிட்டு, “வந்து உக்காருடி” என்றாள். சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வந்து, நடுவில் ஒரு சாண் இடம் விட்டு உட்கார்ந்தாள்.